பிலிங்கோ இல்லாத கம்ப்யூட்டர்

இனிமேல் கடைக்கு வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பிலிங்கோ இருக்காது என்று கம்பெனிக்காரர்கள் அறிவித்த அன்றைக்கு எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. "தொலஞ்சுது போங்க சனியன்" என்று எதிர்வீட்டு வாத்தியார் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே வாய் அந்தப் பிலிங்கோதான்.

பிலிங்கோ என்பது பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு உட்காரும் ஒரு குட்டி புரோகிராம். ஒரு காலத்தில் அது இல்லாமல் எந்தப் பக்கமும் ஆடாது, அசையாது. கல்யாணப் பத்திரிகை வீடியோ, ஜாதகப் பொருத்தம், சீட்டு விளையாட்டு எல்லாம் அதில்தான் ஓடின. பிறகு எல்லோரும் வேறு வழிக்கு மாறிவிட்டார்கள். இது மட்டும் காலி பண்ணாத வாடகைக்காரன் மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் தங்கிக் கிடந்தது. அதில் ஏகப்பட்ட ஓட்டை, திருடர்கள் அது வழியாகத்தான் வருகிறார்கள் என்று வருஷம் பூராவும் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரட்டுமே! எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அவர் நாக்பூரில் இருக்கிற டிரைவரோடு பேசினால் போனே தேவையில்லை, சும்மாவே அங்கே கேட்கும் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வாயைத் திறந்தால் 'கெரகம்' என்றுதான் ஆரம்பிப்பார். கெரகம் புடிச்ச லோடு, கெரகம் புடிச்ச மழை, கெரகம் புடிச்ச புள்ள என்றால் நான். கோபத்தில் சொல்வதும் அதுதான், கொஞ்சுவதும் அதுதான். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினவளுக்கு எது எது என்று தெரியாதா?

அந்த மனுஷன் ஒரு நாள் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். மூளைக்கு அடியில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் இருந்தது, புத்தி முழுசாக இருந்தது, காது கேட்டது. மற்ற எதுவும் இல்லை. இமை மட்டும் திறந்து மூடும். அதுவும் தன் இஷ்டத்துக்கு மூடுமே தவிர அவர் பேச்சைக் கேட்காது. ஆமா என்றால் ஒரு தடவை கண்ணை மூடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் பெங்களூரில் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு சின்னக் கம்பெனி அவர் தலைக்குள் 'சிப்' என்கிற ஒரு சில்லை வைத்தது. காதுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அவர் மனசுக்குள் கையால் எழுதுகிற மாதிரி நினைத்தால் போதும், அந்த எழுத்து ஒரு லேப்டாப் கம்ப்யூட்டர் திரையில் விழும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆகும். எழுத்தெல்லாம் விழுந்த பிறகு ஒரு பொம்மைக் குரல் அதைப் படிக்கும். அவர் முதன்முதலில் எழுதியது என்ன தெரியுமா? 'கெரகம் பேன போடு'. நான் ஃபேனைப் போட்டுவிட்டு அதற்கடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அந்த எழுத்துப் பலகை ஒரு வலைப்பக்கம். அது ஓடியது பிலிங்கோவில்.

சில்லு வைத்த கம்பெனி கொஞ்ச வருஷத்தில் இழுத்து மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பர்வீன் என்கிற பெண் மட்டும் சேலத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே, தலையில் சில்லோடு இருக்கிறவர்களை வீடு வீடாக வந்து பார்த்துப் போவாள். இதற்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது, வந்தே ஆகவேண்டும் என்கிற தலையெழுத்தும் கிடையாது. வந்துகொண்டிருந்தாள். செய்தி வந்த மறுநாள் அவளும் வந்தாள்.

"அந்தப் பக்கத்த வேற மாதிரி மாத்தி எழுதிட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு கண்ணு இந்தப் பாடு?" என்றேன்.

"யாரு எழுதறதுக்கா? கம்பெனியே இல்ல. அந்தச் சில்லு பேசற பாஷை என்னன்னு எழுதி வச்ச காகிதமெல்லாம் ஏலத்துல யாரோ எடுத்துட்டாங்க. இப்ப அந்த பாஷை தெரிஞ்சது பிலிங்கோவுக்கு மட்டுந்தான்."

"செரி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அதுல நாமளே பிலிங்கோவப் போட்டுக்கறது."

"முடியாதுக்கா. இப்ப வர்றதெல்லாம் சீல் வச்சு வருது. கம்பெனிக்காரன் உள்ள வச்சு அனுப்புனது மட்டுந்தான் ஓடும். நம்ம கையால ஒண்ணும் சேக்க முடியாது."

"பழசையே வச்சு ஓட்டிக்கிறேன் போ. பாத்துக்கலாம்."

பர்வீன் என் வீட்டுக்காரரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பிலிங்கோவுக்குள்ளயே ஒரு தேதி வச்சிருக்காங்கக்கா. பொங்கல் தாண்டுனா அதுவா நின்னுரும். எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும்."

குரலைத் தாழ்த்தினாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் திரையில் எழுத்து விழுந்தது. 'வாய கட்டறானுகளா'. பொம்மைக் குரல் அதைக் கோபமே இல்லாமல் படித்தது. அவர் பேச்சு அவருடையதாகவே இருக்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

பர்வீன் யாரையோ பிடித்து டிவி விவாதத்துக்கு ஏற்பாடு செய்தாள். 'பிலிங்கோ: விடுதலையா, வீண்பழியா?' என்று தலைப்பு. நான் சென்னைக்குப் போய், முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே, கம்ப்யூட்டர் செய்கிற மெரிடா கம்பெனியின் சார்பில் ஸ்ரீவத்சன் என்று ஒருவர். என் தம்பி வயது இருக்கும். கை கூப்பி வணக்கம் சொன்னார். திட்டுவதற்கு வசதியான ஆளாக இருப்பார் என்று நினைத்துப் போன எனக்கு அதுவே ஏமாற்றம்.

"மேடம், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தார்.

"புரிஞ்சா பிலிங்கோவ உள்ள வச்சு அனுப்புங்க. புரியலீன்னா மட்டும் பேசுங்க" என்றேன். பார்வையாளர்கள் கை தட்டினார்கள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "கதவுல ஓட்டைன்னா ஓட்டைய அடைங்க. உள்ள படுத்துக் கெடக்கறவன் வாயையா அடைப்பீங்க?"

அதற்கும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் ஸ்ரீவத்சன் வாயைத் திறந்தார்.

"சில வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில பச்சக் குழந்தைங்க வார்டுல மெஷின் எல்லாம் ஒரே நேரத்துல நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா மேடம்? உள்ள பூந்தவன் பிலிங்கோ வழியாத்தான் பூந்தான். வரவேற்புல இருந்த கம்ப்யூட்டர்ல யாரோ சீட்டு விளையாடிக்கிட்டு இருந்திருக்காங்க, அவ்வளவுதான். அந்த வார்டுல எங்க அண்ணன் குழந்தை இருந்துச்சு. பேர்கூட வைக்கல."

யாரும் கை தட்டவில்லை. பொய் சொல்கிற முகமில்லை அது.

"ஓட்டைய அடைச்சு அடைச்சுப் பாத்தாச்சு" என்றார். "அதுல ஓட்டை இல்ல மேடம், ஓட்டைதான் அது. கொஞ்சம் பேருக்காகக் கோடிக்கணக்கான வீட்டு வாசலத் திறந்து போட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"என் வீட்டு வாசல் மட்டும் தெறந்திருந்தாப் போதும். மத்தவங்க பூட்டிக்கட்டும்" என்றேன். சொல்லும்போதே அது நியாயமா என்று எனக்கே சந்தேகம்.

"உங்க வீட்டு வாய நாங்க அடைக்கல. அதவிட நல்ல வாய் தர்றோம். ஏலத்துல அந்தக் காகிதத்த எடுத்தது நாங்கதான். நேர்மொழின்னு ஒண்ணு செஞ்சிருக்கோம். பிலிங்கோ வேண்டாம், எதுவும் வேண்டாம். இலவசம்."

"அந்த பாஷை தெரியும்னா, இப்ப இருக்கற மாதிரியே ஒரு எழுத்துப் பலகை செஞ்சு குடுத்துருங்களேன்."

அவர் சிரித்தார். நக்கலாக இல்லை, நிஜமான அன்போடு. "கார் வாங்கித் தர்றேங்கறப்ப, செருப்பு போதும்கறீங்களே!"

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெரிடா ஆட்கள் வந்து புதுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். பழைய லாரி ஆபீஸ் போன் பேச்செல்லாம் ரிக்கார்டு ஆகியிருந்ததை என் மகளிடம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. காதுக்குப் பின்னால் இருந்த பெட்டியை அதோடு இணைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த அறைக்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

பொம்மைக் குரல் இல்லை. அவர் குரல். அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு, எல்லாம்.

"சாந்தா, இத்தன வருஷமா என்னைய இவ்வளவு அன்பாப் பாத்துக்கறயே. உனக்கு நான் ரொம்ப நன்றிக்கடன் பட்டிருக்கேன்."

என் மகள் கிருத்திகா சுவரில் சாய்ந்து அழுதாள். வந்த ஆட்களில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இந்த மனுஷன் தன் ஆயுசில் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. என் பெயரைச் சாந்தாமணி என்று முழுசாகவும் சொன்னதில்லை, சாந்தா என்று பாதியாகவும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. அவர் சரளமாகப் பேசுகிறார் என்று சொந்தக்காரர்களெல்லாம் வந்தார்கள். பழனிச்சாமி என்று ஒரு டிரைவர் வந்தான். ஒரு தடவை லோடை வழியில் இறக்கி விற்றுவிட்டு ஓடிப்போன ஆள். என் வீட்டுக்காரர் அவனைத் தேடாத ஊர் இல்லை. அவன் இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழத் தயாராக வந்திருந்தான். "வாப்பா பழனிச்சாமி, குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களா?" என்றார் இவர்.

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஏனுங்கக்கா, அண்ணன் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லுலீங்களே. அத்தன கோவமா இருக்காருங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். "மாமா, நம்ம கல்யாணத்தன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

"அது என் வாழ்க்கையிலேயே ரொம்ப இனிமையான நாள், சாந்தா. நீ அவ்வளவு அழகா இருந்தே."

கல்யாணத்தன்று அவர் சமையல்காரனை ரசத்தில் உப்பில்லை என்று அடிக்கப் போய், மாலையும் கழுத்துமாக வாய்க்காலில் விழுந்தார். ஊரே அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. பர்வீனுக்குப் போன் போட்டு, "இது அவரில்ல கண்ணு. ஏதோ கருமத்த உள்ள வச்சு ஏமாத்தறாங்க" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கக்கா. எழுத்துக் குடுக்கறது அவர்தான். முதல்ல ஒண்ணு ரெண்டு எழுத்து. அது வந்ததும், இப்படி ஆரம்பிச்சா ஜனங்க சாதாரணமா என்ன சொல்லுவாங்கன்னு பாத்து, மீதிய அதுவே முடிச்சுப் பேசிருது. கோடிக்கணக்கான பேரு பேசறதக் கேட்டுப் பழகுனது அது. கெட்ட வார்த்தை, மனசு நோகற வார்த்தை எல்லாத்தையும் வடிகட்டிரும்."

"அவரு வேற சொல்ல வந்திருந்தா?"

"வேண்டாம்னு நெனச்சா நிறுத்தலாம். ஆனா அது பேசற வேகத்துக்கு அவரால எப்படி நிறுத்த முடியும்?"

"ஊகம் பண்றத அமத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்குமில்ல?"

"கேட்டு எழுதுனேன். பயனாளிகள் யாரும் விரும்பவில்லைன்னு பதில் வந்துச்சு."

பயனாளிகள் விரும்பினால் எப்படிச் சொல்வார்களாம்? அதன் வழியாகத்தானே சொல்லவேண்டும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். எறிந்தால் அதுவும் இல்லாமல் போய்விடும். பொங்கல் முடிந்து பழைய கம்ப்யூட்டரில் பிலிங்கோ திறக்க மறுத்துவிட்டது. காலாவதியாகிவிட்டது, வணக்கம் என்று ஒரு வரி மட்டும் வந்தது. பர்வீன் பிரித்துப் பார்க்கிறேன் என்று அதை எடுத்துப் போனாள்.

கிருத்திகாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை வந்தது. அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவர், "உன்னைய நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு கண்ணு. நீ ஆசப்பட்டவனையே கட்டிக்கோ, எனக்கு சந்தோஷந்தான்" என்றார். இவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பையன் விஷயம் தெரிந்தபோது அவர் இவளோடு ஆறு மாசம் பேசாமல் இருந்தவர். அதற்குப் பிறகுதான் விழுந்தார்.

"அது உங்கொப்பன் சொன்னதில்ல புள்ள. அந்த மிசினு சொன்னது" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது.

"இருக்கட்டும்மா."

"என்னடி இருக்கட்டும்? உனக்கு ரோசமில்ல?"

"நல்லா இருந்த வரைக்கும் எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசல அவரு. திட்டுனாரு. இல்லீன்னா சும்மா இருந்தாரு. இப்பத்தாம்மா எனக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கற மாதிரி இருக்கு. உனக்கு உன் கெரகந்தான் வேணும்னா நீ வச்சுக்க. இத எங்கிட்ட இருந்து புடுங்காத."

அவர் கட்டிலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இமை திறந்து மூடியது. "ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க, நம்ம குடும்பம் ஒத்துமையா இருக்கணும்" என்றது அவர் குரல். மகள் அழுதுகொண்டே சரிப்பா என்றாள். அவர் நிஜமாக என்ன சொல்ல ஆரம்பித்தாரோ, எனக்குத் தெரியாது.

சித்திரையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் குழாயாக உறிஞ்சி எடுத்தார்கள். அந்த வலிக்கு முகம்கூடச் சுளிக்க முடியாத உடம்பு. பார்த்துக்கொண்டு நின்றது நான். ஒரு வழியாக வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் என்னிடம் பேசினார்.

"மூச்சு ரொம்ப பலவீனமா இருக்கும்மா. அடுத்த திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. கழுத்துல சின்னதா ஒரு துளை போட்டு மூச்சு மெஷின் மாட்டிரலாம். மாட்டிட்டா பல வருஷம் இருப்பாரு. ஆனா மாட்டுனத அப்புறம் எடுக்கறது சட்டப்படி கஷ்டம். அதனால அவரோட சம்மதம் வேணும்." பிறகு அவர் பக்கம் குனிந்து, "என்ன சார், சம்மதமா?" என்றார்.

"உங்க இஷ்டப்படி செய்ங்க டாக்டர். எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு."

டாக்டருக்குத் திருப்தி. நேர்மொழியில் சொன்னால் கோர்ட்டுகூட ஒத்துக்கொள்ளும் என்றார். எனக்குத் திருப்தி இல்லை. கல்யாண நாள் இனிமையாக இருந்தது என்று சொன்ன அதே குரல்தானே இதையும் சொல்கிறது!

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. நான் துடைத்து, துணி மாற்றி, எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து, "போயிட்டு வரேன், சாந்தா" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும். "எங்க, கெளம்பியாச்சா? செரி செரி, போயிட்டு வாங்க, வரும்போது காய் வாங்கிட்டு வாங்க" என்பேன். எனக்கும் சிரிக்க ஏதாவது வேண்டாமா? காலையில் சொல்வார், சோறு கரைத்துக் குழாயில் ஊற்றும்போது சொல்வார். பழனிச்சாமி மறுபடி வந்திருந்தபோதும் சொன்னார். "நல்லபடியா போயிட்டு வாங்கண்ணா" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கிருத்திகா போனில் பேசினால் கடைசியாக அதைத்தான் சொல்வார். "பத்திரமா போயிட்டு வாங்கப்பா" என்று அவளும் சிரிப்பாள்.

பர்வீனிடம் இதைப் போனில் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அடிக்கடி சொல்றாராக்கா?"

"ஓயாம சொல்றாரு. ஏன் கண்ணு?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வர்றேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால அவருகிட்ட நேராவே ஒரு வார்த்தை கேட்டுரலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேர்த்து விறுவிறுத்திருந்தாள். "அந்த எழுத்துப் பலகைப் பக்கத்த இதுக்குள்ளயே எடுத்து வச்சிட்டேன். அப்புறம், கம்ப்யூட்டர் தேதிய ஒரு வருஷம் பின்னாடி தள்ளிட்டேன். பிலிங்கோவுக்கு இன்னும் பொங்கல் வரலக்கா."

"அட, இவ்வளவுதானா? இதுக்கா நான் டிவில போயிக் கத்துனேன்?"

"கொஞ்ச நேரந்தான் தாங்கும். சில்லோட பெட்டிக்குள்ள இப்ப மெரிடாக்காரன் பூட்டு இருக்கு. இந்த வயர நான் விடாம அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா நேர்மொழிகிட்டயே திரும்பப் போயிரும். ஸ்பீக்கர் செத்துப் போச்சு, அதனால சத்தம் வராது. எழுத்து விழறத நீங்கதான் படிக்கணும்."

அவள் கட்டிலின் தலைமாட்டில், அவர் காதருகே குனிந்து நின்றுகொண்டாள். கம்ப்யூட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன். திரை அவளுக்குத் தெரியாது. கிருத்திகா போனில் இருந்தாள். முதலில் முடியாது என்றவள், பிறகு நானும் கேட்கிறேன் என்று அவளே கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன்.

நீலத் திரை. நடுவில் கோடு கண் சிமிட்டியது. என்ன எழுதப்போகிறார்? எழுதவே மறந்து போயிருப்பாரோ? கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு விழுந்தது.

கெ.

"கெ போட்டுட்டாரு!" என்று நான் கத்திய கத்தலில் பர்வீன் வயரை விடப் பார்த்தாள். 'கெரகம்' என்று முழுசாக வந்தது. பிறகு 'எங்க போன'. பிறகு 'இத்தன நாளு'. நான் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தேன். வந்துட்டாரு, எம்மாமன் வந்துட்டாரு என்று அவர் நெற்றியில் முகத்தை வைத்துத் தேய்த்தேன். போனுக்குள் கிருத்திகா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சீக்கிரம் கேளுங்கக்கா" என்றாள் பர்வீன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மாமா, நாளைக்கு ஆஸ்பத்திரில கழுத்துல ஓட்ட போட்டு மூச்சு மிசினு மாட்டறேங்கறாங்க. மாட்டுனா ரொம்ப வருசம் இருப்பீங்களாமா. உங்களுக்குச் சம்மதந்தானுங்களே? நீங்களே சொல்லுங்க."

போ.

"போ-ங்கறாரு" என்று படித்துவிட்டுச் சிரித்தேன். "என்னையத் தொரத்தறாரு பாரு, கொழுப்பு கொறையுல." பர்வீனும் சிரித்தாள்.

அடுத்த எழுத்து விழுந்தது. ற. கொஞ்சம் பொறுத்து, ன். ஒரு இடைவெளி விட்டு, மீதி ஒவ்வொன்றாக வந்தது.

'போறன் உட்டுரு புள்ள'

நான் சத்தமாகப் படிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிறவன்கூட வெறும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கமாட்டான். சொன்னால் வாயிலேயே அடிப்பார்கள். கோடிக்கணக்கான பேர் பேசுவதைக் கேட்டுப் பழகிய மிசினுக்கும் அது தெரிந்திருக்கிறது. 'போ' என்று இவர் ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும், ஜனங்கள் சாதாரணமாக எப்படிச் சொல்வார்களோ அப்படி அதை முடித்துக் கொடுத்திருக்கிறது. காலையில், சோற்று நேரத்தில், மகளிடம், வந்தவன் போனவனிடம், எல்லோரிடமும் இந்த மனுஷன் கெஞ்சியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே, சரி, போயிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறோம்.

விட்டுவிடு என்றால் எப்படி விடுவது? இந்த உடம்பைத் துடைத்து, திருப்பிப் போட்டு, மூத்திரப் பை மாற்றி, இதைத்தவிர வேறு எனக்கு என்ன இருக்கிறது? அவர் பேச்சு அவருடையதாக இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் சண்டை போட்டேனே, அவர் இதைத்தான் பேசுவார் என்று நான் நினைத்துப் பார்த்தேனா?

"அம்மா, அப்பா என்ன சொல்றாரு?" என்றாள் கிருத்திகா.

பர்வீன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "என்னக்கா எழுதியிருக்காரு?"

"போயிட்டு வரேங்கறாரு" என்றேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேங்கறாரு. சம்மதமாமா."

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

பர்வீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா போனுக்குள், சரிப்பா, நல்லபடியா போயிட்டு வாங்க என்றாள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

திரையில் 'இ' என்று ஒரு எழுத்து விழுந்தது. பிறகு 'ல்'. நான் கம்ப்யூட்டரை மூடினேன்.